திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

கேள்விகளுள் சில, அவற்றைக் கேட்பவரின் வயதைவிட மூத்தவையாக இருக்கும். சென்ற விடுமுறையில் அத்தகைய கேள்வியொன்றை எம்மிடம் கேட்டவன் எம் ராத்தாவின் பேரன். பதினான்கு வயதுச் சிறுவன்.

வெளிநாட்டிலிருந்து வந்த அவனுடைய மாமா ஒரு பெட்டியைப் பரிசளித்துச் சென்றிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய லங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரியைச் செய்வதற்குரிய பிளாஸ்டிக் உறுப்புகள் அதனுள் இருந்தன. மூன்று வாரங்களாகப் பையன் மேசையை விட்டு எழவில்லை. உறுப்புகளைச் சாமணத்தால் எடுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டு, இணைப்பில் தெரிந்த இடுக்குகளை மக்கு வைத்து அடைத்து, மெல்லிய தூரிகையால் வண்ணம் பூசி, அவன் உழைத்த உழைப்பைக் கண்டு வீட்டார் அனைவரும் வியந்தனர். இறுதியில் விமானத்தின் வயிற்றுப் பகுதிக்கு வந்தான். அங்கேதான் குண்டுகள் தொங்கும் நீண்ட அறை இருக்கிறது. அதற்கு இரண்டு நீண்ட கதவுகள். செய்முறைத் தாளில் இரு வழிகள் காட்டப்பட்டிருந்தன. கதவுகளை மூடி ஒட்டிவிடலாம். அல்லது அவற்றைத் திறந்த நிலையில் பொருத்தி, உள்ளே குண்டுகளை வரிசையாக அமைக்கலாம்.

"திறந்து வைக்கட்டுமா, மூடி வைக்கட்டுமா, சொல்லுங்கள். மூடினால்தான் விமானம் அழகாய் இருக்கிறது" என்றான்.

மறுநாள் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பிவிட்டோம். ஒட்டிய பசை காய்வதற்கு அவன் காத்திருந்தான். மனத்தில் எழுந்த ஐயம் தெளிவதற்கு நாம் காத்திருந்தோம். சிறுவனின் விளையாட்டில் அவ்வளவு ஆழமான கேள்வி எங்கே இருக்கிறது என்று நேயர்கள் எண்ணலாம். அழிவுக் கருவி ஒன்றின் அழகுக்கு மனத்தைப் பறிகொடுப்பது குற்றமாகுமா? குற்றமன்று எனில், அந்த மகிழ்ச்சிக்காக நாம் செலுத்தவேண்டிய கடன் ஏதேனும் உண்டா? அந்தச் சிறிய கதவுகளுக்குப் பின்னே நின்ற கேள்வி இதுவேயாகும்.

இந்தக் கைத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1932ஆம் ஆண்டில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் மரத்தாலான மாதிரி விமானத் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. உண்மை விமானத்தின் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம். அதாவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவு இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. 1936இல் 'ஃபிராக்' என்னும் பெயர் கொண்ட தொழிலகத்தார் 'பெங்குவின்' என்ற வரிசையில் பிளாஸ்டிக் தொகுதிகளை வெளியிட்டனர். ஹங்கேரியில் பிறந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், போருக்குப் பின்னர் 1953இல் ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானத்தின் மாதிரியைக் கொண்டுவந்தது. வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங் கொடுத்தால் அது கிடைத்தது. 1958இல் லங்காஸ்டரும் அவ்வரிசையில் சேர்ந்தது. போரில் தந்தையர் பறந்து சென்ற விமானங்களை மைந்தர்கள் சமையலறை மேசைமீது வைத்து ஒட்டினார்கள். அம்மைந்தருள் பலர் தலை நரைத்த பின்னரும் அவ்வேலையை விடவில்லை. இன்று இதில் ஈடுபட்டிருப்போருள் சிறுவரைவிடப் பெரியவர்களே மிகுதி.

அவர்களுடைய உழைப்பை எள்ளி நகையாடுவதற்கு இடமில்லை. லங்காஸ்டரின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 102 அடி. மாதிரியில் அது சரியாகப் பதினேழு அங்குலம் இருக்கவேண்டும். மேற்புறத்தில் மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்த பட்டைகள்; இரவில் பறக்கும் விமானமாதலால் அடிப்புறமும் பக்கங்களும் கறுப்பு. அந்தக் கறுப்பு எத்தகைய கறுப்பு என்பதைப் பற்றியே அவர்கள் நீண்ட வாதம் புரிவார்கள். தொலைவில் நிற்கும் பெரிய பொருளின் கறுப்பு சற்று வெளிறித் தோன்றும். ஆகவே சிறிய உருவின்மீது தூய கறுப்பைப் பூசினால் அது பொய்யாகிவிடும் என்பது அவர்களின் கொள்கை. இயந்திரங்களின் புகைபோக்கியிலிருந்து இறக்கையின்மேல் படிந்த கறையையும், பணியாளர்களின் காலடி பட்டு வண்ணம் உதிர்ந்த இடங்களையும் பழைய புகைப்படங்களைப் பார்த்து அப்படியே வரைவார்கள். உண்மையான விமானங்களின் முகப்புப் பக்கத்தில், ஒவ்வொரு தாக்குதல் பயணத்திற்கும் ஒரு குறியாகச் சிறுசிறு குண்டுகளை வரைந்து வைப்பது அக்கால வழக்கம். லண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் ஒன்று 137 முறை சென்று வந்ததாகக் கணக்கு. அதன் மாதிரியைச் செய்பவர், நீரில் நனைத்து ஒட்டும் படத்தாளில் அக்குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ணிப் பார்ப்பார்.

உருவம் அமைப்பது ஆகுமா ஆகாதா என்று நம் பெரியோரிடையே நடந்த பழைய வாதத்தை இங்கே இழுக்கவேண்டியதில்லை. விமானம் உயிரற்ற பொருள். நம்முடைய கேள்வி வேறு. பொறுமை, கூர்மை, கண்டதைக் கண்டபடி காட்டவேண்டும் என்னும் நேர்மை ஆகிய மூன்றையும் இந்தத் தொழில் வளர்க்கிறது. ஒரு சிறுவனுக்கு இவற்றினும் சிறந்த பயிற்சி வேறு யாது? அவ்வாறாயின், இத்தனை நேர்மையும் எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதைத்தான் நாம் ஆராயவேண்டும்.

பெரியதைச் சிறியதாக்கிப் பார்ப்பது போருக்குப் பின் பிறந்த விளையாட்டு மட்டுமன்று. போரே அவ்வாறு பார்த்துத்தான் நடத்தப்பட்டது. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, நாட்டிலுள்ள பள்ளி மாணவர்களைக் கொண்டு ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினவே. அத்தகைய மாதிரியை முப்பத்தைந்து அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை அரை மைல் தொலைவில் பார்ப்பது போலிருக்கும். நண்பன் யார், பகைவன் யார் என்று நொடியில் அறிந்து சுடுவதற்கு அவற்றைக்கொண்டு வீரர்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

இங்கிலாந்திலும் அவ்வாறே. ஜெர்மனியின் மோனே அணையை உடைக்க எண்ணிய பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ், தம் வீட்டில் நீர் நிரம்பிய தொட்டியின்மேல் கோலிக்குண்டுகளைத் தத்தச் செய்து முதற்சோதனையைத் தொடங்கினார். பிறகு ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அணையின் மாதிரியைக் கட்டி வெடிவைத்துப் பார்த்தார்கள். 1943 மே 16ஆம் நாள் புறப்பட்ட விமானிகளுக்கு, அணையையும் அதன் சுற்றுப்புறத்தையும் காட்டும் மாதிரியை வைத்தே விளக்கம் தரப்பட்டது. பத்தொன்பது லங்காஸ்டர்கள் சென்றன, எட்டு திரும்பவில்லை. 133 பேரில் 53 பேர் மாண்டனர். அணை உடைந்தது. வெள்ளத்தில் மாண்டவர் ஏறக்குறைய 1,300 பேர். அவர்களுள் பல நூறு பேர் ஜெர்மானியரே அல்லர். சோவியத் நாட்டிலிருந்து அடிமை வேலைக்காகக் கொண்டுவரப்பட்டு, ஆற்றங்கரை முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். பகைவனின் சிறையில் கிடந்தவர்களையும் அவ்வெள்ளம் கொண்டுபோயிற்று. அணையின் மாதிரி இருந்தது; நீரின் ஆழம் அளக்கப்பட்டிருந்தது; அந்தப் பெண்கள் எந்த மாதிரியிலும் இடம்பெறவில்லை.

சிறிதாக்கும்போது எல்லாம் ஒரே அளவில் சிறிதாவதில்லை. சில முற்றிலும் உதிர்ந்துபோகின்றன. இதை விளக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லங்காஸ்டர் இருபதாயிரம் அடி உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். அதனை எழுபத்திரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 278 அடி வரும். அஃதாவது, பையனுடைய மாதிரி விமானத்தை அதன் அளவுக்கேற்ற உயரத்தில் தொங்கவிட வேண்டுமானால், 131 அடி உயரமுள்ள நாகூர்ப் பெரிய மினாராவைப்போல் இருமடங்குக்கும் மேலே கொண்டுபோகவேண்டும். அங்கிருந்து கீழே பார்த்தால் தரையில் என்ன தெரியும்? அவ்வளவில் நான்கடி உயரமுள்ள ஒரு குழந்தை முக்கால் அங்குலத்திற்கும் குறைவு. மேலிருந்த விமானிக்கு ஊரே ஒரு மாதிரி உருவாகத்தான் தோன்றியிருக்கும். பெட்டிக்குள் விமானிகளின் சிற்றுருவங்களை வைத்திருக்கிறார்கள். கீழே இருந்தவர்களுள் ஒருவருடைய உருவமும் அதில் இல்லை.

கதவுகளுக்குப் பின்னே இருந்தவைதாம் யாவை? லங்காஸ்டரின் குண்டறை முப்பத்துமூன்று அடி நீளம். நகரங்களைத் தாக்கச் செல்லும்போது அதில் நாலாயிரம் பவுண்டு எடையுள்ள உருளை வடிவக் குண்டு ஒன்றும், அதன் முன்னும் பின்னும் நான்கு பவுண்டு எடையுள்ள தீக்குச்சிகள் போன்ற எரிகுண்டுகள் நிறைந்த பெட்டிகளும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பெருங்குண்டு கூரைகளைப் பெயர்த்து, கதவு சன்னல்களைத் தகர்க்கும். திறந்துபோன வீடுகளுக்குள் எரிகுண்டுகள் விழுந்து தீ மூட்டும். உடைந்த சன்னல்களின் வழியே காற்றுப் புகுந்து தீயை வளர்க்கும். ஒரு வீட்டின் கதவு திறப்பதற்கு இப்படியும் ஒரு முறை உண்டு! 1943 அக்டோபர் 8ஆம் நாள் இரவில் ஹனோவர் நகரின்மீது நடந்த ஒரே தாக்குதலில் 1,245 பேர் மாண்டனர். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் வீடிழந்தனர். முகப்பில் வரைந்த சிறு குண்டுக் குறி ஒவ்வொன்றும் அத்தகைய ஓர் இரவைக் குறிப்பதாக இருக்கக்கூடும்.

இங்கே நம்மை மறித்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. "அந்த விமானங்களில் சென்றவர்கள் அரக்கர்களா? இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள் அல்லரோ? பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்களே! அவர்களுக்கு மாதிரி விமானமன்றி வேறு நினைவுச் சின்னம் எங்கே?" என்பர். மறுக்க முடியாத உண்மை. ஒவ்வொரு லங்காஸ்டரிலும் எழுவர் இருந்தனர். விமானத்தின் வால்முனைக் கூண்டில் தனியே அமர்ந்து, உறையும் குளிரில் இரவெல்லாம் இருளை நோக்கியிருந்த துப்பாக்கி வீரனை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. அவனை நினைவுகூர்வது கடமையே.

"அந்தப் போர் நாஜிகளின் கொடுமையை ஒழிக்க நடந்த போர், அதில் ஐயம் எழுப்பலாமா?" என்பர் வேறு சிலர். நாஜிகளின் ஆட்சி ஒழிந்தது மனித குலத்திற்கு நேர்ந்த நன்மை என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும், போரின் காரணம் நியாயமாக இருப்பதனாலேயே போரில் செய்த ஒவ்வொரு செயலும் நியாயமாகிவிடாது. இதைச் சொன்னவர்கள் அந்நாட்டிலேயே, அந்நாளிலேயே இருந்தார்கள். சிச்செஸ்டர் நகரப் பிஷப் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9ஆம் நாள் பிரபுக்கள் சபையில் எழுந்து, நகரங்களை முழுமையாகக் குறிவைக்கும் குண்டுவீச்சின் நியாயத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். போர் உச்சத்தில் இருந்த நேரம்; தம் சொல் எவருக்கும் இனிக்காது என்று அறிந்தே பேசினார். அவர் பகைவருக்காகப் பேசவில்லை. பகைவனின் நகரத்திலும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதைத் தம் நாட்டின் மனச்சான்று மறந்துவிடலாகாதே என்று பேசினார்.

அணையை உடைத்த குண்டைப் படைத்த பார்ன்ஸ் வாலிஸையும் இங்கே குறிப்பிடவேண்டும். தம் கண்டுபிடிப்பை நம்பிச் சென்ற விமானிகள் அத்தனை பேர் திரும்பவில்லை என்ற துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. போருக்குப் பின் 1951இல் அரசாங்கம் அவருக்கு அளித்த பத்தாயிரம் பவுண்டுப் பரிசை, உயிரிழந்த விமானப்படையினரின் பிள்ளைகள் கல்வி பெறுவதற்காகத் தாம் பயின்ற பள்ளிக்கே கொடுத்துவிட்டார். கருவியைச் செய்த கை, கணக்கையும் மறவாதிருந்தது. செய்பவனின் கடன் கருவி முடிந்தவுடன் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால், உலகம் பெரும்பாலும் கதவை மூடி வைக்கவே விரும்புகிறது. ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளின்மேல் ராய் கிராஸ் என்ற ஓவியர் தீட்டிய படங்கள் புகழ்பெற்றவை. தீப்பற்றும் இயந்திரங்கள், விழும் குண்டுகள், எழும் புகை என்று அவை போரின் வேகத்தைக் காட்டின. 1970களில், சிறுவர் பொருளில் வன்முறை கூடாது என்ற கருத்து வலுத்தபோது, அப்படங்கள் பலவற்றிலிருந்து குண்டுகளும் தீயும் அழித்துத் திருத்தப்பட்டன. எஞ்சியது தூய வானில் தூய விமானம். நோக்கம் நல்லதே. விளைவு யாது? குண்டுவீச்சு விமானம் பெட்டியில் அப்படியே இருந்தது. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அச்செய்தி மட்டும் மறைந்தது. வன்முறையை நீக்கியதாக எண்ணி, வன்முறையின் விளைவை மட்டுமே நீக்கிவிட்டார்கள்.

இது சிறுவர் பெட்டியோடு நின்றிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டை வீசிய 'எனோலா கே' விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தார் 1984 முதல் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்தார்கள். குண்டு வீழ்ந்த நகரத்தின் துயரத்தையும் உடன் காட்டும் வகையில் ஒரு காட்சியைத் திட்டமிட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1995 சனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். 2003இல் முழு விமானமும் பளபளக்கும் உலோக மேனியோடு காட்சிக்கு வந்தபோது, அருகிலிருந்த குறிப்பு அதன் அளவையும் திறனையும் சொல்லிற்று. கீழே மாண்டவர்களின் கணக்கையும் அதில் சேர்க்கவேண்டும் என்று அறிஞர்கள் பலர் கேட்டுக்கொண்டும் சேர்க்கப்படவில்லை. அந்த ஆண்டின் இறுதிக்குள் ஹிரோஷிமாவில் மாண்டவர் ஏறக்குறைய 1,40,000 பேர். அந்த விமானம் மாதிரி அன்று, உண்மையானது. எனினும், கதவை மூடி ஒட்டிய மாதிரிகளுள் அதுவே மிகப் பெரியது என்று நமக்குத் தோன்றுகிறது.

'மூடினால் அழகு' என்றானே பையன், அந்தச் சொல் எம் நெஞ்சை ஏன் தைத்தது என்பதை இனியும் மறைப்பதற்கில்லை. எம் உம்மா எட்டு வயதுச் சிறுமியாகப் பினாங்கில் வளர்ந்தவர். 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின்மேல் வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை; தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் விமானங்கள் என்றே பலர் நினைத்தனர். "நாரைக் கூட்டம் மாதிரி வரிசை பிசகாமல் வந்தது. அவ்வளவு அழகு. நாங்கள் கை தட்டினோம்" என்று உம்மா தம் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். உம்மாவைவிட இரண்டு வயது மூத்த எம் மாமா, இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டுமென்று கடைத்தெருப் பக்கம் ஓடினார். அவர் திரும்பி வரவில்லை. அழகைப் பார்க்க ஓடிய பிள்ளை அவர்.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூனிலும் இதுவே நிகழ்ந்தது. நம்மவர் பல்லாயிரவர் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த நகரம் அது. அங்கும் மக்கள் வெளியே நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று அங்கே வந்த விமானங்களின் பெயர் கி-21. அதன் மாதிரியும் பெட்டிகளில் விற்கப்படுகிறது. அதையும் யாரோ ஒருவர் இறக்கையின் வளைவு பிசகாமல், வண்ணம் மாறாமல், மிகுந்த அன்போடு செய்துகொண்டிருப்பார்.

அவரை நாம் வெறுக்கவேண்டுமா? நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். வெறுக்க முடியவில்லை. எம் மாமாவும் அதே அழகைக் கண்டுதானே ஓடினார்? பறக்கும் பொருளுக்கு அழகு உண்டு. அதை உணரும் கண்ணை மனிதனுக்கு இறைவன் கொடுத்திருக்கிறான். அழகை உணர்வது குற்றமன்று. அழகு தெரிந்த இடத்திலேயே பார்வையை நிறுத்திக்கொள்வதுதான் குற்றம். நிய்யத்து எதுவோ அதற்கேற்பவே செயல் என்று கற்றவர்கள் நாம். விமானத்தை உள்ளது உள்ளபடி காட்டவேண்டும் என்பது மாதிரி செய்பவரின் நிய்யத்தானால், புகைக்கறை வரை உண்மையாக இருந்துவிட்டுக் குண்டறைக்கு வந்ததும் அந்த உண்மையைக் கைவிடுவது அவருடைய நிய்யத்துக்கே மாறானது. வேறொருவர் வந்து அவருக்கு நீதி சொல்லவேண்டியதில்லை; அவர் தொழிலின் நேர்மையே அதைச் சொல்லும்.

கீழிருந்து பார்க்கும் மாதிரிகளும் உலகில் இருக்கின்றன. நாம் மேலே சொன்ன ஹனோவர் நகரின் மன்ற மாளிகையில் அந்நகரத்தின் நான்கு மாதிரி உருக்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று 1689ஆம் ஆண்டின் கோட்டை நகரம். அடுத்தது 1939இல், போருக்கு முன் இருந்த நகரம். மூன்றாவது 1945ஆம் ஆண்டு நகரம்: கூரையற்ற சுவர்களும் வெற்று முற்றங்களும். நான்காவது இன்றைய நகரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே சில அடி தொலைவே. அந்தச் சில அடிகளை நடப்பவர், மாதிரி விமானத்தின் முகப்பில் வரைந்த சிறு குண்டுக் குறிகளின் பொருளை அறிந்துகொள்கிறார். ஹிரோஷிமா அருங்காட்சியகத்திலும் நெடுங்காலம் அழிந்த நகரத்தின் மாதிரி ஒன்று இருந்தது. அதன்மேல், குண்டு வெடித்த உயரத்தைக் காட்ட ஒரு சிவப்பு உருண்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். விமானம் அதில் இல்லை. கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

இந்த இரு நகரங்களும் 1983இல் உடன்பிறப்பு நகரங்களாக உறவு கொண்டன. குண்டுவீச்சில் கூரையிழந்த ஹனோவரின் ஏகிடியன் தேவாலயத்தை மீண்டும் கட்டாமல் நினைவுச் சின்னமாக விட்டிருக்கிறார்கள். ஹிரோஷிமா அன்பளிப்பாகத் தந்த மணியொன்று அங்கே தொங்குகிறது. விமானம் செலுத்தியவர்களின் நாடும் மெல்ல இவ்வழிக்கு வந்திருக்கிறது. குண்டுவீச்சுப் படையினருக்காக 2012இல் லண்டன் கிரீன் பார்க்கில் எழுப்பப்பட்ட நினைவு மண்டபத்தில் ஏழு வீரர்களின் சிலைகள் நிற்கின்றன. 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டு மக்களையும் அது நினைவுகூர்வதாக அங்கேயே பொறித்திருக்கிறார்கள். மேலே சென்றவரை மதிப்பதற்குக் கீழே மாண்டவரை மறக்கவேண்டிய அவசியமில்லை என்பதை அக்கல் உணர்த்துகிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கை எந்த வணிகரும் ஏற்கமாட்டார்.

மறுநாள் காலையில் பையனை அழைத்தோம். விடையாக எதையும் சொல்லவில்லை. உம்மாவின் பழைய பெட்டியிலிருந்த ஒரு புகைப்படத்தை அவன் கையில் கொடுத்தோம். பினாங்கில் எடுத்த படம். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்ற நிலையில், பத்து வயதுப் பையன் ஒருவன் அதில் நிற்கிறான். அவன் யார் என்பதையும், அன்று எதைப் பார்க்க ஓடினான் என்பதையும் சொன்னோம். சிறுவன் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்று கேட்டான்: "லங்காஸ்டருக்குக் கீழேயும் இவரைப்போல் ஒருவர் இருந்திருப்பாரா?"

இருந்திருப்பார் என்றோம்.

அன்று மாலை வரை மேசையருகில் சத்தமில்லை. அவன் கதவுகளைத் திறந்த நிலையில் ஒட்டினான். பெரிய உருளையையும் எரிகுண்டுப் பெட்டிகளையும் அவற்றுக்குரிய இடங்களில் வைத்தான். பிறகு ஓர் அட்டையை வெட்டி, அதில் அந்த விமானத்தின் பெயர், அதில் சென்ற எழுவர் செய்த பணிகள், 1943 அக்டோபர் 8, ஹனோவர், 1,245 பேர் என்று தன் சிறிய கையெழுத்தில் எழுதி விமானத்தின் கீழே வைத்தான். முன்போல் அழகாக இல்லை என்று அவனே சொன்னான். இருந்தும் அதை மாற்றவில்லை.

நம் வீடுகளிலும் பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். விமானப் படங்களைச் சுவரில் ஒட்டுகிறார்கள். தாள் விமானம் செய்து பறக்கவிடுகிறார்கள். அவற்றைப் பறித்துவிடுவது எளிது. அதனால் பயன் ஒன்றுமில்லை. பறித்த பொருளைப் பிள்ளை வேறோரிடத்தில் தேடிக்கொள்வான். செய்யட்டும், நன்றாகச் செய்யட்டும், வண்ணமும் அளவும் பிசகாமல் செய்யட்டும். ஆயினும், அந்தப் பொருள் எங்கே சென்றது, அங்கே யார் இருந்தார்கள் என்பதைப் பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து சொல்லவேண்டும். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மாண்டவர்களின் பெயரை நாம் சொல்லாவிட்டால் அந்தப் பெட்டி சொல்லாது.

அந்த லங்காஸ்டர் இப்போது எம் புத்தக அலமாரியின்மேல் கதவு திறந்தபடி நிற்கிறது. எம் மாமாவின் படத்தையும் பையன் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.